மாடில்லாத கவலை

…பதினேழா, பதினெட்டா, எங்கேயோ தவறிவிட்டது, எண்ணிக்கொண்டேதான் வந்தேன், நடுவில் பாஞ்சாலி அக்கா வாய்க்கால் ஓரம் நின்று முந்தானையால் மூக்கைத் துடைத்ததைப் பார்த்தேன், அதோடு போயிற்று, இவரைக் கேட்டால் சொல்வார், இவருக்குத் தவறாது, உதடுகூட அசையாமல் உள்ளுக்குள்ளேயே எண்ணிக்கொண்டு வருகிறவர், “பதினெட்டுங்க சிஸ்டரு” என்று கேட்காமலே சொல்கிறார், நான் முணுமுணுத்தது காதில் விழுந்திருக்கிறது, சரி, பதினெட்டு நடை, இன்னும் இருபத்திரண்டு. இறங்கும்போது குதிகாலை ஊன்றி, ஏறும்போது கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நஞ்சப்பன் அண்ணாச்சி நடக்கிறார், பக்கத்தில் நான், வெள்ளைச் சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு, புஸ் புஸ்ஸென்று மூச்சு வாங்கிக்கொண்டு. நாற்பது வயது நர்ஸ் ஒருத்தி காலங்காத்தாலே ஓர் ஆம்பளையோடு கிணற்றடிச் சரிவில் மேலும் கீழும் நடப்பதைப் பார்த்து முதல் வாரம் இந்த ஊரே சிரித்தது, இப்போது பழகிவிட்டது. சரிவின் உச்சியில் கிணறு, கைப்பிடிச் சுவர் கிடையாது, ஐம்பது அடி ஆழம், பாதிக்கு மேல் பாறை, மார்கழியில் ஒரு விடியற்காலை அதன் விளிம்பில்தான் இவர் செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு நின்றார், பாஞ்சாலி அக்கா ஓடிவந்து பின்னாலிருந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள், அன்றிலிருந்து புருஷனை விட்டு ஓர் எட்டு நகரவில்லை, இன்றைக்கு நகர வேண்டும், ஏரியூரில் மகளுக்கு இரண்டாவது பிரசவம், வலி எடுத்துவிட்டதென்று ஆள் வந்து சொல்லியாயிற்று, அங்கே மாமியார் படுத்த படுக்கை, எட்டு மணிக்கு பஸ், ஒயர்கூடையைக் கட்டிக் காலடியில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். இந்த மனிதரைக் கிணற்றோடு தனியாக விட்டுவிட்டுப் பத்து நாள் போகலாமா கூடாதா என்று நாற்பதாவது நடை முடிவதற்குள் நான் சொல்ல வேண்டும், நான், போன வருஷம் இவருடைய அட்டையில் அந்த இரண்டு வார்த்தையை எழுதிய அதே நான்.

அந்த மஞ்சள் அட்டை… முன்பெல்லாம் எங்கள் ஆஸ்பத்திரியில் சர்க்கரைக்குத் திங்கள்கிழமை, ரத்தக்கொதிப்புக்கு வியாழன், கால் புண்ணென்றால் பின்கட்டு, மனசு சரியில்லை என்று யாராவது வந்தால் சேலத்துக்குப் போங்கள் என்று கையைக் காட்டிவிடுவோம், ஒரே ஆள் வாரத்தில் மூன்று நாள் பஸ் ஏறி வந்து மூன்று வரிசையில் நின்று மூன்று சீட்டோடு போவான். டாக்டரம்மா வந்த எண்பத்தைந்தாம் வருஷம் அத்தனையையும் தலைகீழாக்கினார், ஒருவருக்கு ஒரே அட்டை, ஒரே நாள், ஒரே பெஞ்சு, சர்க்கரை, கொதிப்பு, கால், கண் எல்லாவற்றுக்கும் கீழே நாலு கேள்வி, தூக்கம் எப்படி, பசி எப்படி, வேலையில் நாட்டம் உண்டா, கவலை உண்டா. இருக்கிற வேலை போதாதென்று இது வேறா என்று நான்தான் முதலில் முகத்தைத் தூக்கினேன், சர்க்கரைக்காரரிடம் போய் எதற்கு டாக்டரம்மா கவலையைக் கேட்பது என்றேன், “சக்கரை ஓடற அதே ஒடம்புலதான சிஸ்டர் மனசும் இருக்குது, அதுக்குன்னு தனியா ஒரு வூடா கட்டி வச்சிருக்காங்க?” என்றார் அவர், சிரித்துக்கொண்டே பேனாவை என் கையில் கொடுத்தார். அப்படித்தான் ஒரு திங்கள்கிழமை நஞ்சப்பன் அண்ணாச்சி என் முன்னால் உட்கார்ந்தார், தூக்கம், நல்லா படுத்துக்கறனுங்க, பகல்லயும் படுத்துக்கறனுங்க, எழுதினேன், நன்று. பசி, போடறத திங்கறனுங்க, நன்று. கவலை இருக்கா அண்ணாச்சி? அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார், “கவலையெல்லாம் நிறுத்தி மூணு வருசமாச்சிங்க சிஸ்டரு, மோட்டாரு வந்தப்பறம் அது எதுக்குங்க” என்றார், ஆகா, மோட்டார் போட்டுவிட்டதால் தண்ணீர்ப் பிரச்சினை தீர்ந்து மனிதர் நிம்மதியாக இருக்கிறார் என்று எனக்கு ஒரே சந்தோஷம், கொடுத்து வைத்தவர் நீங்கள் என்று வேறு சொன்னேன், அவர் தலையைக் குனிந்துகொண்டார். அட்டையில் அழகான கையெழுத்தில் எழுதினேன், கவலை இல்லை. எட்டு மாசம் அந்த அட்டை அப்படியே எங்கள் அலமாரியில் இருந்தது.

இருபத்திநாலு… மார்கழியில் அவரைக் கூட்டிக்கொண்டு பாஞ்சாலி அக்கா ஆஸ்பத்திரிக்கு வந்தபோது நான்தான் கதவருகே நின்றேன், சேலைத் தலைப்பின் ஒரு முனையை இவருடைய மணிக்கட்டில் கட்டியிருந்தாள், கன்றுக்குட்டியைக் கூட்டிவருகிற மாதிரி, இவர் எதிர்க்கவும் இல்லை, முகத்தில் ஒன்றுமே இல்லை, அழுகை இருந்தால் பரவாயில்லை, கோபம் இருந்தால் பரவாயில்லை, ஒன்றுமே இல்லாத முகத்தைப் பார்க்கத்தான் எனக்கு எப்போதும் பயம். டாக்டரம்மா அட்டையை எடுத்தார், படித்தார், என்னைப் பார்த்தார், கவலை இல்லைன்னு எழுதியிருக்கே என்றார், எனக்கு முன்னால் பாஞ்சாலி அக்கா முந்திக்கொண்டாள், “ஆமாங்க டாக்டரம்மா, கவலை இல்லீங்க, அது நின்ன நாள்லேர்ந்துதாங்க இவுரு இப்பிடி ஆயிட்டாரு, கவலை ஓடிக்கினு இருந்தவரைக்கும் நல்லாத்தாங்க இருந்தாரு.” எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை, கவலை இருந்தவரை நன்றாக இருந்தாராம், கவலை நின்றதும் கெட்டுப்போனாராம், பாவம், பயத்தில் இவளுக்கும் புத்தி பேதலித்துவிட்டதா என்று நினைத்தேன். டாக்டரம்மா கம்பைநல்லூர்ப் பக்கத்துக் குடியானவர் வீட்டுப் பெண், வாய்விட்டுச் சிரித்தார், சிரித்துக்கொண்டே இருந்தவர் சட்டென்று நிறுத்திவிட்டு நெற்றியில் கையை வைத்துக்கொண்டார், சிஸ்டர், உங்க ஊர்ல மாட்டைக் கட்டிக் கெணத்துல தண்ணி எறைக்கறதுக்கு என்னா பேரு என்று கேட்டார். கமலை என்றேன், எங்கள் சாத்தான்குளம் பக்கம் சின்னப் பிள்ளையும் சொல்லுமே, கமலை. “இங்க அதுக்குப் பேரு கவலை” என்றார். கமலை, கவலை, ஓர் எழுத்து, மூன்று வருஷமாக இந்த ஊர் ஜனங்களுக்கு ஊசி போடுகிறேன், அந்த ஓர் எழுத்து எனக்குத் தெரியாது, மனசைக் கேட்டேன், அவர் மாட்டைச் சொன்னார், நான் மனசென்று எழுதிக்கொண்டேன். அன்றைக்கு மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை.

முதலில் மாத்திரைதான் கொடுத்தோம், அது தலை சுற்றுகிறது, நாக்கு வறள்கிறது என்று நாலாம் நாளே நிறுத்திவிட்டார், சேலத்துக்குப் போகவும் மாட்டேன் என்றார், டாக்டரம்மா இரண்டு நாள் யோசித்தார், எங்கோ சீமையில் மனச்சோர்வு வந்தவர்களை ஓடவிட்டுப் பார்த்திருக்கிறார்கள், நிறையப் பேர் தேறியிருக்கிறார்கள் என்று ஒரு புத்தகத்தில் படித்ததைச் சொன்னார், சர்க்கரைக்கும் நடைதான் மருந்து, கொதிப்புக்கும் நடைதான் மருந்து, இதற்கும் அதுவே என்றால் ஒரே மருந்துதானே. அப்ப மறுபடியும் கவலை ஓட்டட்டும் என்றார். மாடு வித்துட்டமுங்களே என்று பாஞ்சாலி அக்கா கையைப் பிசைந்தாள். “மாடு எதுக்கும்மா, மாடா நோயாளி?” மூன்று வருஷம் முன்பு வரைக்கும் அண்ணாச்சி விடிந்தால் இந்தச் சரிவில்தான் இருப்பாராம், மாடு இழுக்கும்போது கயிற்றின்மேல் உட்கார்ந்து இறங்குவதும், மாட்டைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு நடந்து ஏறுவதும், நூறு சால், நூற்றைம்பது சால் தண்ணீர், அப்புறம் மோட்டார் வந்தது, ஒரு பொத்தான், ஒரு மணி நேரம், முடிந்தது, கட்டிலில் வந்து உட்கார்ந்தார், உட்கார்ந்தவர் படுத்தார். சர்க்கரை வந்து மனசைப் படுக்கவைத்ததா, மனசு படுத்ததால் சர்க்கரை ஏறியதா என்று டாக்டரம்மாவைக் கேட்டேன், தெரியாது சிஸ்டர் என்றார், ஒரு டாக்டர் வாயிலிருந்து தெரியாது என்று வருவதை அதற்கு முன்னால் நான் கேட்டதே இல்லை. கூட யார் நடப்பது என்றதும் என் பக்கம் திரும்பினார், நீங்கதான எழுதினீங்க, நீங்களே நடங்க. தண்டனையாகத்தான் எடுத்துக்கொண்டேன், முதல் பஸ்ஸில் வந்து இறங்கி, நடந்து, ஒன்பது மணி டூட்டிக்குத் திரும்பி ஓட வேண்டும். அண்ணாச்சியோ சர்க்கரையில் கால் மரத்துப்போனவர், முள் ஏறினாலும் தெரியாது, அதற்கு எங்கள் ஆஸ்பத்திரியில் பெருநோய்க்காரர்களுக்கு முனாப் பாய் தைக்கிற மெத்தென்ற ரப்பர் செருப்புதான் சரி, ஆனால் அந்தக் கறுப்பு வாரைப் பார்த்தாலே பெருநோய்ச் செருப்பென்று ஊருக்குத் தெரிந்துவிடும், போட மாட்டேன் என்று இவர் ஒற்றைக்காலில் நின்றார், முனாப் பாய் வாரைப் பிரித்துவிட்டுக் காக்கி வார் வைத்துத் தைத்துக் கொடுத்தார், மனம், கால், பெருநோய், சர்க்கரை, எல்லாம் ஒரு ஜோடிச் செருப்பில் வந்து நின்றது.

முப்பது… முதல் நாள் நாலு நடைதான், ஐந்தாவதில் உட்கார்ந்துவிட்டார், அந்தப் பக்கம் ஆடு ஓட்டிக்கொண்டு போன சென்னப்பன் “என்னா மாமா, மாடில்லாமயே கவலை ஓட்டறீங்க, தண்ணி வருதா?” என்று கேட்டு அவன் சிரித்த சிரிப்பில் நான் கூனிக் குறுகிப் போனேன், இவருக்கோ அது காதிலேயே ஏறவில்லை. பத்தாம் நாள் பன்னிரண்டு நடை, முகம் அப்படியேதான், எனக்கு நம்பிக்கை போய்விட்டது, டாக்டரம்மா புத்தகம் படித்து என் முழங்காலை வாங்குகிறார் என்று பஸ்ஸில் புலம்பிக்கொண்டே போவேன். பதினாறாம் நாள் மூத்திரத்தைச் சோதித்தேன், குழாயில் இருக்கிற நீல மருந்தில் எட்டுச் சொட்டு விட்டு விளக்கில் காட்டினால் இவருக்கு எப்போதும் செங்கல் நிறம்தான் வரும், அத்தனை சர்க்கரை, அன்றைக்கு மஞ்சளோடு நின்றது, அப்புறம் ஒரு நாள் பச்சை, சரி, அது நான் பார்த்ததுதான், சர்க்கரை இறங்குவதை ஆயிரம் குழாயில் பார்த்திருக்கிறேன். ஆனால் இருபத்தி நாலாம் நாள் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே பாஞ்சாலி அக்கா ரோட்டுக்கு ஓடி வந்தாள், கிணறு என்றுதான் நினைத்தேன், அவள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு “திட்டிட்டாருங்க நர்சம்மா, திட்டிட்டாருங்க” என்று அழுகிறாள், சென்னப்பனுடைய ஆடு அவரைக்கொடிப் பந்தலில் வாயை வைத்ததாம், இவர் எழுந்து போய் ஆட்டையும் திட்டி, ஆட்டுக்காரனையும் திட்டி, அவன் வீட்டுப் பெரியவர்களையும் ஒரு சுற்றுத் திட்டிவிட்டு வந்து, பசிக்குது, களி இருக்குதா என்று கேட்டாராம். மூன்று வருஷத்துக்கப்புறம் புருஷன் வாயிலிருந்து ஒரு கெட்ட வார்த்தை கேட்டதற்கு ஒருத்தி இப்படி அழுவாளா என்று எனக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் சிரிப்பு போய் உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. என்னதான் நடக்கிறது இந்த உடம்புக்குள்ளே? காலை எடுத்து வைக்கிறார், மறு காலை எடுத்து வைக்கிறார், வேறொன்றுமே இல்லை, நான் பக்கத்திலேயே இருக்கிறேன், ஊசி இல்லை, மருந்து இல்லை, மந்திரம் இல்லை, குழாயில் செங்கல் பச்சையாகிறது, வாயில் திட்டு திரும்பி வருகிறது, பதினெட்டு வருஷம் வேலை பார்த்தவள் ஒன்றும் தெரியாதவள் மாதிரி வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறேன். மோட்டாரின் மேல் இவருக்குக் கோபமே கிடையாது, கேட்டுப் பார்த்தேன், “கவலை ஓட்டறது மாட்டுக்கும் மனுசனுக்கும் உசிரெடுக்கற வேலைங்க சிஸ்டரு, போனதே நல்லதுங்க, மோட்டாரு மகராசன்” என்றார்.

முப்பத்தைந்து, முப்பத்தாறு, நேரம் நெருங்குகிறது, பாஞ்சாலி அக்கா கூடையைக் கையில் எடுத்துவிட்டாள், நான் என்ன சொல்லப்போகிறேன், தேறிவிட்டார் போய்விட்டு வா என்று சொல்லி, மறுபடியும் என் அழகான கையெழுத்துப் பொய்யாகிவிட்டால், போகாதே என்று சொல்லி அங்கே அந்தப் பெண்ணுக்குப் பிரசவத்தில் ஏதாவது ஆகிவிட்டால்… ஒவ்வொரு தடவை உச்சிக்கு வந்து திரும்பும்போதும் நான் இரண்டு எட்டு முன்னால் போய்க் கிணற்றுப் பக்கமாகச் சுற்றித் திரும்புவேன், இவருக்கும் கிணற்றுக்கும் நடுவில் நான் இருக்கிற மாதிரி, நாற்பது நாளாக அப்படித்தான், இவருக்குத் தெரியாது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். முப்பத்தேழாவதில் உச்சிக்கு வந்தோம், நான் முன்னால் போனேன், இவர் நின்றார். நின்றதும் என் உயிரே நின்றுவிட்டது, கையை நீட்டினார், என் முழங்கைக்குப் பக்கத்தில் வந்து தொடாமல் நின்றது அந்தக் கை. “இந்தப் பக்கம் வாங்க சிஸ்டரு. அந்த ஓரக்கல்லு ஆடுது. கவலைத் தூணப் புடுங்கனதுலேர்ந்து புடி இல்லீங்க அதுக்கு, நீங்க தெனமும் அதும்மேலதான் திரும்பறீங்க.” குனிந்து பார்த்தேன், ஆமாம், கல்லுக்கும் மண்ணுக்கும் நடுவில் விரல் நுழைகிற அளவு சந்து, கீழே தண்ணீர் கறுப்பாக, அப்பா, இத்தனை நாள் இதன்மேலா நின்று நான் இவரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன்? கோபம் வந்தது, நாற்பது நாளா ஏன் அண்ணாச்சி சொல்லலை என்று கத்தியே விட்டேன். அவர் யோசித்தார், நிஜமாகவே யோசித்தார், தன்னிடமே கேட்டுப் பார்க்கிற மாதிரி. “இந்தக் கெணறு எங்கப்பன் வெட்டுனதுங்க, ஒவ்வொரு கல்லும் எனக்குத் தெரியுங்க. ஆனா அந்தக் கல்லு ஆடுறது இன்னிக்கித்தாங்க கண்ணுல பட்டுது. அதுக்கு முன்னால எதுவுமே கண்ணுல படலீங்க.” இதை அட்டையில் எந்தக் கட்டத்தில் எழுதுவது? சாகப் போனவர் ஒருத்தர், என் காலுக்குக் கீழே கல் ஆடுகிறதென்று பார்க்கிறார், பயப்படுகிறார், எனக்காகப் பயப்படுகிறார், என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, வியர்வை மாதிரி துடைத்துக்கொண்டேன், இடம் மாறி நடந்தோம், இப்போது கிணற்றுப் பக்கம் அவர்.

முப்பத்தெட்டில் கேட்டேன், கேட்டே ஆக வேண்டும், நாளைக்கு நான் வரலைன்னா நடப்பீங்களா அண்ணாச்சி? இறங்கினார், ஏறினார், முப்பத்தொன்பது, பாதிச் சரிவில், தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார், “மொதல்ல ஒரு பத்து நாளு, பொம்பள ஒருத்தி பஸ்ஸு ஏறி வந்து நிக்கறாளேன்னுதாங்க எந்திரிச்சேன். காலு வந்திச்சி, நான் வரலீங்க. அப்பறம் எப்ப நான் வந்தேன்னு தெரியலீங்க.” அப்படியென்றால் எது மருந்து, நடையா, நான் வந்து நின்றதா, பச்சையானது எதனால், ஆடு திட்டு வாங்கியது எதனால், நான் வராவிட்டால் எது நிற்கும், டாக்டரம்மா புத்தகத்தில், நோயாளியோடு கூடவே நடந்தவர்களைப் பற்றி ஏதாவது போட்டிருக்கிறதா? நாற்பது. பாஞ்சாலி அக்கா கூடையோடு வந்து நின்றாள், “வுட்டுட்டுப் போவலாமுங்களா நர்சம்மா?” வாயைத் திறந்தேன், நல்ல வார்த்தைதான் வரப்பார்த்தது, நர்சுகளுக்கென்றே இருக்கிற அந்த வார்த்தை, ஒன்றும் ஆகாது, தைரியமாகப் போ, விழுங்கிக்கொண்டேன், எனக்குத் தெரியலைக்கா என்றேன், தேறியிருக்கார், கண்ணால பார்த்தேன், ஆனா உறுதியாத் தெரியலை. அவள் முகம் சுருங்கியது, புருஷனைப் பார்த்தாள். அவர் செருப்பிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டே பேசினார், “நீ போ பாஞ்சாலி. புள்ள அங்க தனியாக் கெடக்குது. நாளைக்கு சிஸ்டரு வர வாணாங்க, நானே ஆஸ்பத்திரிக்கு நடந்து வரேன், மூணு மைலுதான.” அவள் சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடி சுற்றினாள், அப்புறம் கூடையைத் தூக்கிக்கொண்டு வரப்பில் நடந்தாள், திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே, இவர் மோட்டார் ரூம் பக்கம் போனார், திரும்பிப் பார்க்கவில்லை.

ரோட்டோரம் இருவரும் நின்றோம், ஏரியூருக்கு மாறிப் போக அவளுக்குத் தர்மபுரி பஸ் முதலில் வந்துவிட்டது, படியில் ஏறியவள் என் தோளை ஒரு தடவை அழுத்திப் பிடித்தாள், போய்விட்டாள், எனக்கு எதிர்ப்பக்கத்து பஸ் வர இன்னும் கால் மணி ஆகும். இங்கிருந்து பார்த்தால் கிணறு தெரியாது, மோட்டார் சத்தம் மட்டும் கேட்கிறது. நாளைக்கு எத்தனை மணிக்குக் கிளம்புவார், ஆறுக்குக் கிளம்பினால் ஏழுக்கு வந்துவிடலாம், சர்க்கரை உடம்பு, எங்கேயாவது உட்கார்ந்து எழுந்து வந்தால் ஏழேகால், வழியில் யாரையாவது திட்டிக்கொண்டு நின்றால் ஏழரை, எட்டு… எட்டுக்கும் காணவில்லை என்றால் நான் என்ன செய்வது, ஓடிவருவதா, நம்பி நிற்பதா, அதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லையே. ஆஸ்பத்திரி கேட்டுக்கு வெளியே வந்து கையை நெற்றியில் வைத்துக்கொண்டு ரோட்டையே பார்த்துக்கொண்டிருக்கப் போகிறேன், வருகிற வேட்டியெல்லாம் இவர் வேட்டியாகத் தெரியப்போகிறது. பாஞ்சாலி அக்கா நாற்பது நாளும் இப்படித்தான் நின்றிருக்கிறாள், வாய்க்கால் ஓரத்தில், பச்சைத் தண்ணீர் இறங்காமல், நான் அவளிடம், ஒன்றும் ஆகாதென்று தைரியம் சொல்லிவிட்டு பஸ் ஏறிப் போய் கான்டீனில் இட்லி தின்றுகொண்டிருந்தேன்.